ஐரோப்பாவில் மனிதர்கள்மீது ஆய்வு: யார் அனுமதி தருவது? கேள்வி பதில்

சுவீடனில் மருந்து ஆய்வுகளுக்கான விண்ணப்பக் கோப்புகளைத் தயார் செய்வதுதான் என் வேலை. அதற்கு முன் நெதர்லாந்தில் இருந்தபோதும் இதே வேலைதான். எத்திக்ஸ் கமிட்டி, அதாவது மனிதர்கள்மீது செய்யும் ஆய்வை முன்கூட்டியே பரிசீலித்து அனுமதிக்கலாமா என்று சொல்லும் நெறிமுறைக் குழு, பற்றிப் பேச்சு வந்தபோது, கேட்க வேண்டியதைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். விலங்குகள் மீதான ஆய்வு பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், அதற்குத் தனிச் சட்டம், தனி அனுமதி, எனவே அதை இங்கே எடுக்கவில்லை.

கேள்வி: பிரசல்ஸில் எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே எத்திக்ஸ் கமிட்டி இருக்கிறதா அக்கா? எல்லாரும் "ஈயூ அப்ரூவல்" என்கிறார்களே.

இல்லை தம்பி, அப்படி ஒன்று கிடையாது. மருந்து ஆய்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் (ஈயூ) முழுவதற்கும் 536/2014 என்ற பொது ஒழுங்குவிதி இருக்கிறது. 2014-ல் நிறைவேறியது, ஆனால் அதற்கான இணைய வாசல் தயாராகாமல் இழுத்து இழுத்து, 2022 ஜனவரி 31-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஒரு கம்பெனி ஸ்பெயின், போலந்து, சுவீடன் மூன்றிலும் ஒரே ஆய்வை நடத்த நினைத்தால் ஒரே விண்ணப்பம் போதும். ஆனால் கோப்பு இரண்டு பாகம். முதல் பாகத்தில் மருந்து எப்படி வேலை செய்கிறது, ஆபத்து என்ன, பலன் என்ன என்பதெல்லாம் வரும், அதை ஒரு நாடு முன்னின்று மதிப்பிடும், மற்ற நாடுகள் கருத்துச் சொல்லும். இரண்டாம் பாகத்தில் ஒப்புதல் படிவம், ஆட்களை எப்படிச் சேர்க்கப் போகிறீர்கள், எவ்வளவு பணம் கொடுப்பீர்கள், அந்த ஆஸ்பத்திரிக்குத் தகுதி உண்டா என்பவை வரும், இதை ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குத் தனியாகப் பார்க்கும். தன் நாட்டு எத்திக்ஸ் கமிட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த நாட்டில் அந்த ஆய்வு நடக்காது, பக்கத்து நாட்டில் அதே ஆய்வு நடக்கலாம். பிரிட்டன் இப்போது இந்த ஏற்பாட்டுக்கு வெளியே, அவர்களுக்குச் சொந்த முறை.

மருந்து, மருத்துவக் கருவிகளை விட்டு வெளியே வந்தால், அதாவது அறுவை முறை, உளவியல், நேர்காணல், பழைய ரத்த மாதிரி என்று போனால், ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் வழக்கம்தான்.

கேள்வி: அந்தக் கமிட்டியில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? எல்லாம் டாக்டர்கள்தானே, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் போவார்கள்.

நியாயமான சந்தேகம். இதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறது, எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். சுவீடனில் 2019 முதல் நாடு முழுவதற்கும் ஒரே அரசு அமைப்பு. அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் தலைமை தாங்குபவர் பதவியில் இருக்கும் நீதிபதி அல்லது முன்னாள் நீதிபதி, அவரோடு பத்து ஆய்வாளர்கள், பொதுமக்கள் சார்பில் ஐந்து பேர். டென்மார்க்கின் வட்டாரக் கமிட்டிகளில் துறை சாராதவர்கள்தான் பெரும்பான்மை. பிரான்சில் 39 கமிட்டிகள் இருக்கின்றன, உங்கள் கோப்பு எந்தக் கமிட்டிக்குப் போகும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி முடிவாகிறது. தெரிந்த கமிட்டியாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. ஜெர்மனியில் மாநில மருத்துவர் சங்கங்களிடமும் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவுகளிடமும் கமிட்டிகள் சிதறிக் கிடக்கின்றன, மருந்து, கருவி அல்லாத பல ஆய்வுகளுக்கு அவை சொல்வது ஆலோசனை என்ற அளவில்தான்.

துறை சாராதவர் வந்து என்ன செய்துவிடப் போகிறார் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் கொண்டுபோன ஒரு படிவத்தில் "ஒவ்வொரு வருகையின்போதும் 45 மில்லிலிட்டர் ரத்தம்" என்று இருந்தது. கமிட்டியில் இருந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா பேனாவை வைத்துவிட்டு, "இது எத்தனை கரண்டி?" என்று கேட்டார். மூன்று மேசைக்கரண்டி. "சரி, எத்தனை வருகை?" பதினான்கு. அதைக் கூட்டி எழுதுங்கள் என்றார். கூட்டினால் 630 மில்லிலிட்டர், ரத்த தானத்தில் ஒரு தடவை கொடுப்பதைவிட அதிகம். ஆறு மருத்துவர்கள் படித்த கோப்பு அது, ஒருவருக்கும் அதைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. கடைசியில் நான்கு தடவை ரத்தம் எடுப்பதைக் கைவிட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு கட்டுப்பாடு இருக்கிற சுவீடனில்தானே அந்தப் பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் விவகாரம் நடந்தது? அப்போது கமிட்டி தூங்கிக்கொண்டிருந்ததா?

கமிட்டியிடம் அது வரவே இல்லை. அதுதான் அதில் உள்ள கொடுமை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் 2011, 2012-ல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்குச் செயற்கை மூச்சுக்குழாய் பொருத்தினார். பிளாஸ்டிக் குழாயில் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைப் பூசினால் அது உயிருள்ள உறுப்பாக வளரும் என்பது கணக்கு. முதல் நோயாளி எரித்ரியாவைச் சேர்ந்தவர், ஐஸ்லாந்தில் படித்துக்கொண்டிருந்தவர், 2014 ஜனவரியில் இறந்தார். மற்ற இருவரும் பிழைக்கவில்லை, ஒருவர் அவருக்கு முன்பே 2012-ல் இறந்தார், இன்னொருவர் 2017-ல். சுவீடனில் 2004 முதலே நெறிமுறைச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் மனிதர்கள்மீது ஆய்வு செய்யக் கூடாது. அப்படியென்றால் எப்படி நடந்தது? "இது ஆய்வு இல்லை, சாகப்போகிற நோயாளிக்குக் கடைசி முயற்சியாகச் செய்யும் சிகிச்சை" என்றார்கள். சிகிச்சை என்று பெயர் வைத்துவிட்டால் எத்திக்ஸ் கமிட்டியின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஆனால் அதே அறுவைகளை வைத்து மருத்துவ இதழ்களில் கட்டுரை எழுதினார்கள், அங்கே மட்டும் அது ஆய்வாகிவிட்டது!

அங்கேயே வேலை பார்த்த நான்கு மருத்துவர்கள் நோயாளிகளின் பதிவேடுகளையும் கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் பொருந்தவில்லை என்று 2014-ல் புகார் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த விசாரணையாளரும் தவறு நடந்திருக்கிறது என்றே 2015-ல் சொன்னார், ஆனாலும் அவர் வேலை பார்த்த கரோலின்ஸ்கா பல்கலைக்கழகத்தின் தலைமை மக்கியாரினியைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. 2016 தொடக்கத்தில் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படத் தொடர் வந்த பிறகுதான் எல்லாம் புரண்டது. துணைவேந்தர் பதவி விலகினார், மக்கியாரினியை வேலையிலிருந்து நீக்கினார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது.

அதற்குப் பிறகு சட்டம் இறுகியது. ஆய்வு முறைகேட்டை விசாரிக்க 2020-ல் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே ஒரு தேசிய வாரியம் வந்தது. அனுமதி இல்லாமல் ஆய்வு செய்தால் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டாக உயர்ந்தது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் எந்த நாட்டில் எந்தச் சட்டம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: "இது ஆய்வா, இல்லையா" என்று தீர்மானிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? செய்கிறவரிடமே அதை விட்டுவைத்தால் மிச்சமெல்லாம் வெறும் காகிதம்.

கேள்வி: லண்டனில் ஒரு மருந்து ஆய்வுக்கு ஆரோக்கியமான ஆட்கள் தேவை, நல்ல பணம் என்று விளம்பரம் பார்த்தேன். கமிட்டி அனுமதி இருக்கிறது என்கிறார்கள். போகலாமா?

போகலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் அனுமதி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் வளாகத்தில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதல் தடவையாக மனிதர்களுக்குக் கொடுத்தபோது எல்லா அனுமதியும் இருந்தது. எட்டுப் பேர், ஆளுக்கு 2,000 பவுண்ட். அதில் ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு வெறும் திரவம். விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கொடுத்துப் பத்து நிமிடத்தில் அடுத்தவருக்கு, அவருக்கு அடுத்தவருக்கு என்று வரிசையாக. முதல் ஆளுக்குத் தலைவலியும் நடுக்கமும் தொடங்குவதற்குள் ஆறு பேருக்கும் மருந்து ஏறிவிட்டது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். உயிர் தப்பினார்கள், ஆனால் ஒருவர் கால் விரல்களை இழந்தார்.

அதன் பிறகுதான், முதலில் ஒருவருக்கு மட்டும் கொடு, பொறுத்திருந்து பார், பிறகு அடுத்தவரிடம் போ என்பது 2007-ல் ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஏறியது. பத்து ஆண்டு கழித்து 2016 ஜனவரியில் பிரான்சில் ரென் நகரில் இன்னொரு ஆய்வு. ஒரு தன்னார்வலரை மாலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் மறுநாள் காலை மற்றவர்களுக்கு அடுத்த டோஸ் கொடுத்தார்கள். ஒருவர் இறந்தார். வழிகாட்டுதலை 2017-ல் மறுபடியும் திருத்தினார்கள்.

எனவே நீங்கள் கேட்க வேண்டியது: இந்த மருந்து மனிதர்களுக்கு முதல் தடவையா? எனக்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், அவர்களுக்கு என்ன ஆனது? ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே எவ்வளவு நேரம்? யாருக்காவது ஏதாவது ஆனால் நிறுத்தும் முடிவை யார் எடுப்பார்? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம், வேறு ஆய்வில் சமீபத்தில் இருந்திருந்தால் பணத்துக்காக அதை மறைக்காதீர்கள், இரண்டு மருந்தும் உடம்புக்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: ஒவியேடோ உடன்படிக்கையில் ஜெர்மனி ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை? நெறிமுறையில் அவ்வளவு கறாரான நாடாயிற்றே?

கறாராக இருப்பதால்தான். 1997-ல் ஸ்பெயினின் ஒவியேடோவில் கையெழுத்துக்கு வைத்த அந்த உடன்படிக்கை, மருத்துவத்தில் மனித உரிமை பற்றி ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்டது. அது, சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்மீது, அவருக்கே நேரடிப் பலன் இல்லாத ஆய்வையும், ஆபத்து மிகக் குறைவு என்றால், கடும் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஜெர்மனியில் அதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. காரணம் அவர்கள் வரலாறு.

பலருக்குத் தெரியாத ஒன்று, சம்மதம் இல்லாமல் ஆய்வு கூடாது என்று அரசே எழுதிவைத்த முதல் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. ஆல்பர்ட் நைசர் என்ற மருத்துவர் 1892-ல் பிரெஸ்லாவில், இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃபில், பாலியல் தொழிலாளிகள் உட்படச் சில பெண்களுக்குச் சொல்லாமலே சிபிலிஸ் என்ற பால்வினை நோய் உள்ளவர்களின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த நீரை, ஊசியில் ஏற்றினார். அது அம்பலமாகி 1900-ல் பிரஷ்ய அரசு ஆணை போட்டது. 1930-ல் லூபெக்கில் காசநோய்த் தடுப்பு மருந்தில் கலப்பு ஏற்பட்டு எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள், 1931-ல் இன்னும் விரிவான விதிகள் வந்தன. அதற்கு இரண்டே ஆண்டில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். வதைமுகாம்களில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். விதி புத்தகத்தில் இருந்தது, "நிறுத்து" என்று சொல்லும் தைரியமும் அதிகாரமும் உள்ள வெளியாள் ஒருவரும் இல்லை.

அதனால்தான் 2016-ல் மறதிநோய் உள்ளவர்கள்மீது அப்படிப்பட்ட ஆய்வை அனுமதிக்கலாமா என்ற கேள்வி ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது கட்சி எல்லை தாண்டி வாதம் நடந்தது. புத்தி தெளிவாக இருந்த காலத்திலேயே மருத்துவரிடம் விளக்கம் கேட்டு எழுதிவைத்தவர்களிடம் மட்டும் செய்யலாம் என்று முடித்தார்கள். பிரிட்டனும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் அங்கே காரணம் தலைகீழ். மனிதக் கரு மீதான ஆய்வில் உடன்படிக்கை அதிகமாகக் கட்டுப்படுத்துகிறது என்பது அவர்கள் வாதம்.

கேள்வி: நான் மால்மோவில் முதுகலை மாணவி. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களை நேர்காணல் செய்யப் போகிறேன். அனுமதி வாங்க வேண்டுமா? கோபன்ஹேகனில் இருக்கும் தோழி தேவையில்லை என்கிறாள்.

இருவருக்கும் பதில் வேறு வேறு. சுவீடனின் மால்மோவையும் டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் இணைக்கும் ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம் மாறுகிறது. டென்மார்க்கில் உடல் மாதிரி எதுவும் எடுக்காத நேர்காணல், கேள்வித்தாள் ஆய்வுகளைக் கமிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. சுவீடனில் அரசியல் கருத்து, மதம், உடல்நலம், இனம் பற்றிய தகவல் வந்தாலே நெறிமுறை அனுமதி தேவை, எந்தத் துறையாக இருந்தாலும். அகதிகளிடம் பேசினால் இவை வராமல் இருக்காது.

ஆனால் உங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. இளங்கலை, முதுகலைப் படிப்புக்காகச் செய்யும் வேலையை சுவீடன் சட்டம் ஆய்வாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். நாளைக்கு இதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போக நினைத்தால் முன்தேதியிட்டு அனுமதி கிடைக்காது, எனவே இப்போதே வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள். தனிநபர் தரவுச் சட்டம் மாணவர்களையும் கட்டும். சட்டத்தை விடுங்கள், உங்களிடம் பேசுகிறவருக்கு ஊரில் இன்னும் அண்ணன் தம்பி இருப்பார்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, எந்தக் கிராமம், எந்த வருடம் கிளம்பினார், என்ன வேலை பார்த்தார் என்ற மூன்றை வைத்து நம் ஆட்கள் ஐந்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இதை எந்தக் கமிட்டியையும்விட நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள்.

கேள்வி: சென்னையில் எங்கள் கல்லூரி ஒரு ஹொரைசன் யூரோப் திட்டத்தில் பங்காளி. எங்கள் கமிட்டி அனுமதி போதாதா?

அதுவும் வேண்டும், அவர்களுடையதும் வேண்டும். ஹொரைசன் யூரோப் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டம், அதற்கு நிதி கொடுக்கும் ஐரோப்பிய ஆணையம் தனியாக நெறிமுறைப் பரிசீலனை வைக்கிறது. வெளிநாட்டில் செய்யும் வேலை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டிலாவது சட்டப்படி செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இங்கே செய்ய முடியாததை ஏழை நாட்டில் கொண்டுபோய்ச் செய்கிற வழக்கத்தைத் தடுக்கத்தான் இது. கோப்பு கேட்கிறார்களே என்று எரிச்சல் படாதீர்கள், உங்கள் பக்கத்து நோயாளிகளுக்கான காவல் அது.

கேள்வி: ஒஸ்லோவில் என் அம்மாவை ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். படிவம் நார்வேஜியனில், இருபது பக்கம். நான் மொழிபெயர்த்துச் சொல்லி அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் நர்ஸ். சரியா?

சரியில்லை. நார்வே ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் அதே 536/2014 விதி அங்கேயும் செல்லும். அதன்படி ஒருவர் நேரில் உட்கார்ந்து விளக்க வேண்டும், யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும், அம்மாவுக்குப் புரிந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையிடம் கேளுங்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் செய்வீர்கள், ஆனால் "இதில் சேர்ந்தால் குணமாகும்" என்று நம் வாய் தன்னால் சொல்லிவிடும், அம்மாவும் பிள்ளை சொன்னால் சரி என்று போட்டுவிடுவார். "வேண்டாம்" என்றால் வழக்கமான சிகிச்சைக்கு ஒரு குறையும் வராது என்பதையும், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதையும் அந்த மொழிபெயர்ப்பாளர் வாயால் அம்மா தமிழில் கேட்க வேண்டும்.

படிவத்தின் ஒரு பிரதியை வாங்கி வையுங்கள். அதில் ஆய்வின் ஐரோப்பியப் பதிவு எண் இருக்கும், அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள் சாதாரண ஆட்களுக்குப் புரியும்படி முடிவுச் சுருக்கத்தைப் பொதுவில் போட வேண்டும், அந்த எண்ணை வைத்துத் தேடினால் சுலபம்.