நிச் விளையாட்டில் குட்டிகள் நோஞ்சானாகப் பிறந்தால்

விலங்குக் கூட்டத்தை ஜோடி சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் நிச் (Niche) என்ற கணினி விளையாட்டில், மூன்றாம் தலைமுறையிலேயே குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கின்றன, உணவும் தீர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, நிச்சில் எல்லாரும் முதலில் சறுக்குவது இங்கேதான். ஜோடி சேர்க்கும்போது காலையும் கொம்பையும் பார்க்கிறோம், நோய் எதிர்ப்பு மரபணுவைப் பார்ப்பதே இல்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று குட்டிக்கு அது இரண்டு வரும்; இரண்டும் ஒரே வகையாக அமைந்துவிட்டால் குட்டி நோஞ்சான்தான். அண்ணன் தங்கையை ஜோடி சேர்த்து, இருவருக்கும் அதே இரண்டு வகை இருந்தால் பிறப்பதில் பாதி அப்படி ஆகும், ஒன்று மட்டும் பொதுவாக இருந்தால் கால்வாசி, எதுவுமே பொதுவாக இல்லையென்றால் பயமே இல்லை. அதனால் வெளியிலிருந்து திரிந்து வரும் விலங்கைக் கண்டால், பார்க்க எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி, கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், புது ரத்தம் வேண்டும்.

அப்புறம் உணவு. ஒவ்வொரு வாயும் தினமும் கையிருப்பைத் தின்னும், பூஜ்யமானால் எல்லாருக்கும் அடி விழும். நான் முதல் ஆட்டத்தில் ஆசையாகக் குட்டி மேல் குட்டி போட்டுக் கூட்டத்தையே பட்டினியில் கொன்றேன். பழம் பறிக்கத் தோதான விரல் உள்ளவை இரண்டு மூன்று தேறிய பிறகு அடுத்த குட்டிக்குப் போங்கள்.