சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் கொலை, விபத்து, கைது. ஒரு மாதமாக நிறுத்தியே விட்டேன். மனத்துக்குத் தெம்பு தரும் செய்திகள் எங்கே கிடைக்கும்? நீங்கள் எதைப் படிக்கிறீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2030 காமன்வெல்த் விளையாட்டுகள் அகமதாபாத்துக்குக் கிடைத்ததைப் பெரிய நற்செய்தி என்று அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இங்கே சதுரங்க ஒலிம்பியாடு, கார்ப் பந்தயம் என்று கோடிகளைக் கொட்டியபோதும் இதே கோபம். அந்தப் பணத்தில் எத்தனை அரசுப் பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டியிருக்கலாம்? நான் நினைப்பது தவறா?

ச. செ., விருதுநகர்

*

அன்புள்ள ச. செ.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே பார்த்த ஒன்று மனத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ‘நல்ல செய்தி எங்கே கிடைக்கும்’ என்ற கேள்விக்கெல்லாம் நான் எழுத உட்காருகிறவள் இல்லை.

சத்து மாத்திரை எந்தக் கடையில் விற்கிறது என்று விசாரிப்பதைப் போலக் கேட்கிறீர்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று விழுங்கிவிட்டு அலுவலகம் போகலாம் என்று திட்டமா? ஆட்டோவில் தவறவிட்ட நகைப்பையை ஓட்டுநர் திருப்பிக் கொடுத்தார், கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியை ஊரே சேர்ந்து தூக்கியது என்று என் தம்பி மனைவி தினமும் கைப்பேசிக்கு அனுப்புகிறாள். எல்லாம் நல்ல செய்திதான். மதியச் சாப்பாட்டுக்குள் எனக்கு மறந்துவிடுகிறது. வேண்டுமானால் உங்களுக்கும் அனுப்பச் சொல்கிறேன். செய்தித்தாளை நிறுத்தியதற்காகத் திட்ட மாட்டேன். ஒரு மாதம் கழித்து நீங்களாகவே வாங்கிவிடுவீர்கள்.

கழிப்பறைக்கு வருகிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடுக்குத் தமிழக அரசு 92 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. அதை ஏழரைக் கோடிப் பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 12 ரூபாய்ச் சொச்சம். ஒரு டீயின் விலை. விழாவை ஆதரிக்கிறவர் இப்படி வகுப்பார். நீங்கள் கழிப்பறையால் வகுக்கிறீர்கள். எதனால் வகுப்பது என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தால் விடை நம் இஷ்டப்படித்தான் வரும். ஒலிம்பியாடு நடக்காமல் இருந்திருந்தால் அந்த 92 கோடி நேராக நடந்து போய்ப் பள்ளிக்கூடங்களில் கழிப்பறையாக எழுந்து நின்றிருக்கும் என்று உண்மையாகவே நம்புகிறீர்களா? நம்பினால், தெம்பு தேடி அலைய வேண்டியவர் நீங்கள் இல்லை. உங்களிடமே மூட்டை மூட்டையாக இருக்கிறது.

ஆனால் கழிப்பறை என்ற சொல்லை நீங்கள் எழுதியது என்னைச் சுட்டது. ஏனென்று சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊரில் ஒரு பெரிய விளையாட்டு விழா வந்தது. அதற்காகவே ஊருக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டிப் புது மைதானம் எழுந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். 400 மீட்டருக்கு ஓட்டப்பாதை, கரித்தூள் கொட்டிக் கல் உருளை விட்டு இறுக்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த உருளை போவதையும் வருவதையும் பார்ப்பதே எங்களுக்கு வேலை. மேடைக்குப் பின்னால் வெள்ளை ஓடு பதித்த கழிப்பறை, வருகிற பெரிய மனிதர்களுக்காக. மூன்று நாள் விழா. நான் 200 மீட்டரில் நான்காவதாக வந்தேன். நான்காவதாக வந்தவளுக்கு ஒன்றும் தர மாட்டார்கள். ஆனால் அந்தப் பாதையில் வெறுங்காலோடு ஓடியபோது உள்ளங்காலில் ஏறிய சூடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலை போனால் இரும்புக் கதவில் பூட்டு. திண்டுக்கல் பூட்டு, என் இரண்டு கையையும் சேர்த்து வைத்தால்தான் அடங்கும் அளவுக்கு. ஏன் பூட்டினீர்கள் என்று எங்கள் விளையாட்டு ஆசிரியை போய்க் கேட்டதற்கு அலுவலகத்தில் சொன்ன பதில்: “தினமும் ஓடினால் பாதை கெட்டுப்போகும்.”

பையன்கள் சுவரேறிக் குதித்துவிட்டார்கள். நாங்கள் ஐந்து பெண்கள் வெளியே நின்றோம். பாவாடை தாவணியோடு மதிலேறுவதை ஊர் ஒருநாள் பார்த்தால் போதும், ஓட்டத்தோடு படிப்பும் நின்றுவிடும். மைதானத்துக் காவல்காரர் இரவெல்லாம் விழித்திருந்து விடியும் நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவார். அவருடைய மனைவியை அக்கா என்போம். ஐந்தரை மணிக்கு அக்கா, கணவரின் இடுப்பில் செருகிய சாவியை உருவி, பூட்டு சத்தம் போடாமல் இருக்க முந்தானையால் அதைப் பொத்திப் பிடித்துத் திறப்பார். ஆறரைக்குள் வெளியேறிவிட வேண்டும். அதற்குக் கூலி, ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர். தெருமுனை அடிகுழாயிலிருந்து ஐந்து குடம் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். ஓடிய களைப்புக்கு மேல் அந்தக் குடம். இன்றைக்கு அதற்குத் தசைப் பயிற்சி என்று பெயர் வைத்துக் காசு வாங்குகிறார்கள்.

வெள்ளை ஓட்டுக் கழிப்பறையின் சாவி மட்டும் அக்காவிடம் இல்லை. அது அலுவலக மேசைக்குள் இருந்தது. ஆகவே முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் வந்து ஓடுவோம். இதைப் படிக்கிற பெண்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், தம்பி. அங்கே கழிப்பறை இருந்தது. பணம் ஒதுக்கி, ஓடு பதித்து, குழாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். எங்களுக்குத்தான் அது திறக்கவில்லை. நீங்கள் கேட்கிற கோடிகள் கழிப்பறைக்கே போயிருந்தாலும் அந்தப் பூட்டும் கூடவே போயிருக்கும்.

ஒன்றரை வருடம் அப்படி ஓடினோம். யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். காவல்காரரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அக்கா போகிற அன்று எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு படி வறுத்த கடலையைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். இரண்டு மழைக்காலம் போனதும் ஓட்டப்பாதை முழுக்க நெருஞ்சி. கெட்டுப்போகாமல் காத்த பாதையில் கால் வைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பெரிய விளையாட்டு விழாவைப் பற்றி யார் பேசினாலும், எத்தனை கோடி என்று நான் கேட்பதில்லை. விழா முடிந்த மறுநாள் காலையில் சாவி யாரிடம் இருக்கும் என்றுதான் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். நீங்களும் கேளுங்கள்.

1976 ஒலிம்பிக்குக்கு முன்னால், அதை நடத்திய கனடாவின் மான்ட்ரியல் நகர மேயர் ழான் டிராப்போ சொன்னார்: ஆண் எப்படிப் பிள்ளை பெற முடியாதோ அப்படித்தான் ஒலிம்பிக்கில் நஷ்டமும் வர முடியாது என்று. கடன் அடைந்தது 2006இல். முப்பது வருடம் அந்த மாகாணத்துக்காரர்கள் சிகரெட் வாங்கும்போதெல்லாம் அதற்காக வரி கட்டினார்கள். நேர்மாறாக ஒன்று: 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுகளுக்காக வேளச்சேரியில் ஒரு நீச்சல் குளம் கட்டினார்கள். அந்தப் போட்டிகளில் யார் என்ன பதக்கம் வாங்கினார்கள் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. குளத்தில் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். கார்ப் பந்தயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையில் ஓட்டினார்கள், மறுநாள் தடுப்புகளை எடுத்துப் பஸ் விட்டார்கள். அங்கே பூட்டுவதற்கும் ஒன்றுமில்லை, திறப்பதற்கும் ஒன்றுமில்லை. அதில் உங்கள் கோபத்தை நான் தடுக்கப் போவதில்லை. அகமதாபாத் பற்றி 2030 கடைசியில் எழுதுங்கள், இருந்தால் பதில் சொல்கிறேன்.

சதுரங்கத்தில் மட்டும் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. 1978இல் கார்ப்போவும் கோர்ச்னோயும் மோதிய உலகப் போட்டி பிலிப்பைன்ஸில், பாகியோ என்ற மலை நகரத்தில் நடந்தது. அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தால் ஆண்ட காலம். அந்தச் செலவை நியாயப்படுத்த என்னால் ஆகாது. ஆனால் அதனால் அந்த நாட்டில் சதுரங்க மோகம் பற்றிக்கொண்டது. தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் சதுரங்கப் புதிர்கள் போட்டார்கள். அப்போது ரயில்வே வேலையாக மணிலா போயிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போன மகனுக்காக அம்மா அந்தப் புதிர்களை எழுதிவைப்பார். மாலையில் இருவரும் உட்கார்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பையன் ஓயாமல் வென்றதால், நூலகத்துக்கு வந்து வேண்டிய அளவு எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்கள். பையன் விஸ்வநாதன் ஆனந்த். சென்னையில் அவர் ஆடிப் பழகிய தால் சதுரங்கக் கழகம், சோவியத் பண்பாட்டு மையத்துக்குள் 1972இல் தொடங்கியது. பெரிய அரங்கம் ஒன்றுமில்லை. பலகைகள் இருந்தன, கதவு திறந்திருந்தது.

2013இல் ஆனந்துக்கும் கார்ல்செனுக்கும் நடந்த உலகப் போட்டியைச் சென்னைக்குக் கொண்டுவர அன்றைய அரசு 29 கோடி ரூபாய் கொடுத்தது. “காசு கொடுத்து நம் ஆளை நம் ஊரிலேயே தோற்க வைத்திருக்கிறோம்” என்றார் என் வீட்டுக்காரர். நானும் சிரித்தேன். இருவரும் ஆடிய கண்ணாடி அறைக்கு வெளியே, பார்வையாளர் இடத்தில் ஏழு வயதுக் குகேஷ் இருந்திருக்கிறார். ஒருநாள் அந்தக் கண்ணாடிக்குள் உட்கார வேண்டும் என்று அன்று நினைத்ததாக, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனபின் அவரே சொன்னார். இதை வைத்து 29 கோடிக்கு ரசீது எழுதிவிடாதீர்கள். அதே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தப் பையனை உள்ளே விட்டார்கள்.

ஊரில் பார்த்ததைச் சொல்கிறேன் என்றேனே. ஒரு காதுகுத்துக்காகப் போயிருந்தேன். தூக்கம் வராமல் விடியற்காலையில் எழுந்து அந்த மைதானம் வரைக்கும் நடந்தேன். இரும்புக் கதவைக் காணோம். எப்போதோ யாரோ பெயர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றார் டீக்கடைக்காரர். உள்ளே ஒரு பக்கம் கிரிக்கெட். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண்கள். நெருஞ்சி எங்குமே இல்லை, அத்தனை கால் பட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் அந்த வெள்ளை ஓட்டுக் கழிப்பறைக்கும் கதவு போய்விட்டது. ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் அம்மா, வாசலில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தார். மகள் வெளியே வந்ததும் அதே துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்தப் பெண் இரண்டு செங்கல்லில் காலை ஊன்றிக் குனிந்து நின்றாள், கிளம்பினாள். என்னைவிட நன்றாக ஓடுகிறாள்.

திரும்பும்போது வாசலில் சிமெண்டுத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். புதுக் கதவு ஒன்று நீலச் சாயம் காயாமல் மதில்மேல் சாய்ந்திருந்தது. அடுத்த வருடம் ஏதோ விழா வருகிறதாம். சாவி யாரிடம் இருக்கும் என்று கொத்தனாரைக் கேட்டேன்.

“சாவியா? இன்னும் பூட்டே வாங்கவில்லை, அம்மா” என்றார்.