ஃபிராங்க்ஃபர்ட்டர் என்றால் மாடு இருக்காதா?

கேள்வி: அலுவலக வேலையாக ஃபிராங்க்ஃபர்ட்டும் அப்புறம் வியன்னாவும் போகிறேன். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, பன்றி சாப்பிடுவோம். 'ஃபிராங்க்ஃபர்ட்டர் சாசேஜில் மாடு இருக்காது, தைரியமாக வாங்குங்கள்' என்கிறார் டிராவல்ஸ்காரர். நம்பலாமா?

பதில்: ஜெர்மனிக்குள் இருக்கும்வரை நம்பலாம். வியன்னா போனதும் அதே பெயர் காலை வாரிவிடும்.

பெயரில் இருப்பது ஊர் மட்டும்தான். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்றால் பன்றி இறைச்சியை மட்டும் அரைத்து, ஆட்டுக் குடலில் அடைத்து, புகை காட்டியது. அந்த வட்டாரத்தில் செய்தால்தான் அங்கே அந்தப் பெயரைப் போட முடியும். அங்கே தொழில் கற்ற யோஹான் கியோர்க் லானர் என்ற கறிக்கடைக்காரர் வியன்னாவில் கடை போட்டு, 1805 வாக்கில் மாட்டிறைச்சியும் சேர்த்து அரைத்தார். அந்தக் கலப்பு சாசேஜைத்தான் இன்றும் வியன்னாவில் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்கிறார்கள். ஜெர்மனியில் அதன் பெயர் வீனர், அதாவது வியன்னாக்காரர். ஆகவே ஜெர்மனியில் வீனர் வேண்டாம். வியன்னாவில் ஃபிராங்க்ஃபர்ட்டர் வேண்டாம்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே ஒன்று மாட்டிவிடும்: ரிண்ட்ஸ்வூர்ஸ்ட். கார்ல் கிரெஃப், வில்ஹெல்மினே ஃபோல்சிங் தம்பதி பன்றி சாப்பிடாத யூத வாடிக்கையாளர்களையும் மனதில் வைத்து 1894-இல் கொண்டுவந்தது. முழுக்க மாட்டிறைச்சி. வெந்நீரில் சூடாக்கி, கடுகு விழுதும் ரொட்டியும் வைத்துத் தருவார்கள். 'ஃபிராங்க்ஃபர்ட்டர் ரிண்ட்ஸ்வூர்ஸ்ட்' என்று பலகையில் எழுதியிருக்கும். முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டு ஆர்டர் செய்தால் போச்சு.

டிராவல்ஸ்காரர்களிடம் சாப்பாட்டு விஷயம் கேட்கவே கேட்காதீர்கள். டிக்கெட் விற்க வேண்டும் என்பதற்காக 'எல்லாம் சிக்கன்தான் சார்' என்றுகூடச் சொல்வார்கள்.

சட்டமும் கைகொடுப்பதில்லை. ஐரோப்பாவில் பாக்கெட் உணவுக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயம். கடையில் சூடாக எடுத்துத் தருவதற்கோ, ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிச் சொன்னால் போதும். கடுகு இருப்பதைச் சொல்லியாக வேண்டும், மாடா பன்றியா என்று சொல்ல வேண்டியதில்லை! கோடிக்கணக்கானவர்கள் இறைச்சி பார்த்துச் சாப்பிடும் உலகத்தில் இது என்ன விதி?

பாக்கெட்டில் 'ரிண்ட்' என்றால் மாடு, 'ஷ்வைன்' என்றால் பன்றி. கடையில் 'இஸ்ட் டா ரிண்ட் டிரின்?' என்று கேளுங்கள். 'கால்ப்' இருக்கிறதா என்றும் தனியாகக் கேளுங்கள், அது கன்றுக்குட்டி. மியூனிக்கின் வெள்ளை சாசேஜில் பெரும்பகுதி அதுதான்; ரிண்ட் என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் 'இல்லை' என்றுவிடலாம்.