முள் பேத்தை மீன் பார்க்க எப்படி இருக்கும்? ஆபத்து வந்தால் எப்படித் தப்பிக்கிறது?

சாதாரணமாக நீந்தும்போது இந்த மீன் பரம சாது. மொட்டையான தலை, பெரிய கண்கள், பழுப்புத் தோலில் கரும்புள்ளிகள். முட்கள் உடலோடு படிந்து கிடப்பதால் சட்டென்று கண்ணில் படாது. அவை உண்மையில் உருமாறிய செதில்கள்தான்.

துரத்தினால்தான் வேடிக்கை. வேகமாக ஓட முடியாத மீன் என்பதால், மளமளவென்று தண்ணீரை விழுங்குகிறது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் வயிறு. மற்ற மீன்களுக்கு உணவு செரிக்கும் உறுப்பு இதற்கு நீர்ப்பையாகிவிட்டது! விலா எலும்புகள் இல்லை, தோலும் நன்றாக இழுபடும். அதனால் உடலின் கன அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகி, பந்து போல உருண்டுவிடுகிறது. தோல் இறுக இறுக முட்களின் அடிப்பகுதி இழுபட்டு, அவை தாமாகவே நிமிர்கின்றன. இதே குடும்பத்தில் முட்கள் எப்போதும் நிமிர்ந்தே இருக்கும் இனங்களும் உண்டு.

அப்புறம், பல இனங்களின் உள்ளுறுப்புகளில் டெட்ரோடோடாக்சின் என்ற கொடிய நஞ்சும் இருக்கலாம். பற்கள் ஒன்றிணைந்து மேலும் கீழும் ஒவ்வொரு தகடாக, கிளியின் அலகு மாதிரி இருக்கும். நத்தை, நண்டு, கடல் முள்ளெலி ஓடுகளையே நொறுக்கும் வாய் அது; விரலை நீட்டாதீர்கள்.

இவ்வளவு இருந்தும் புலிச்சுறா இதை விழுங்கிவிடும்.

ஒரு வேண்டுகோள்: படம் எடுப்பதற்காக இதைச் சீண்டி ஊத வைக்காதீர்கள். அதற்கு அது கடும் உழைப்பு. தண்ணீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கிவிடும். அதை வெளியேற்ற முடியாமல் சாகவும் கூடும்.