வார்ம் ஒயிட் வேறு, மஞ்சள் வேறு: கடலோர விடுதியின் விளக்கும் பங்குனி ஆமையும்

கேள்வி: எங்களுக்குக் கானாடுகாத்தான். பூம்புகார் பக்கம் கடலைப் பார்த்த மனையில் ஆறு அறை கொண்ட தங்கும் விடுதி கட்டி இரண்டு வருடம் ஆகிறது. தை மாதம் வனத்துறை ஆட்கள் இருவர் வந்து, ஆமை முட்டையிடும் காலம், ராத்திரி விளக்கை அணையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த விளக்கு, எத்தனை மாதம் என்று சொல்லவில்லை. எலெக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் மஞ்சள் எல்இடியாக மாற்றினால் போதும் என்கிறார். காரைக்குடியில் ஒருவர், ஆமைக்குப் பாதகமில்லாத விளக்கு என்று சான்றிதழே வாங்கித் தருவதாகவும், பல்போடு சேர்த்து அறுபதாயிரம் ஆகும் என்றும் சொல்கிறார். மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, இருட்டில் விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்துக் குப்பத்தில் பெரிய விளக்கு விடிய விடிய எரிகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு?

பதில்: ஆச்சி, முதலில் அந்த அறுபதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். விடுதிக்காரர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆமைச் சான்றிதழ் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. நீலக்கொடி என்று ஒன்று உண்டு. அது பொதுக் கடற்கரைக்குக் கொடுப்பது, உங்கள் கட்டடத்துக்கு இல்லை. இந்த ஆட்கள் அந்தப் பேரையும் இந்தப் பேரையும் கலந்து பேசி, லேமினேட் செய்த ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாளைக்கு வனச்சரகர் வந்து நின்றால் அந்தத் தாள் எதற்கும் உதவாது. அவர் பார்க்கப் போவது விளக்கைத்தான்.

கடலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளிலும் ஆமை முட்டையிடும் கரை மிகக் கடுமையான முதல் பிரிவில் வருகிறது. கட்டடத்துக்கு அந்த மண்டல அனுமதி சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மனைத் தரகர் சொன்னதை நம்பிக் கட்டியவர்கள் நிறையப் பேர்.

இப்போது ஆமைக்கு வருவோம். உங்கள் கரைக்கு வருவது ஆலிவ் ரிட்லி. மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேலும் இடும். குஞ்சு மணலைக் கிளறிக்கொண்டு மேலே வருவது பெரும்பாலும் ராத்திரியில், மணல் குளிர்ந்த பிறகு. கடல் எந்தப் பக்கம் என்று அதற்குக் காட்ட யாரும் இல்லை. எந்தப் பக்கம் அடிவானம் வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். கரைப்பக்கம் மணல்மேடும் செடியும் இருட்டாக நிற்கும், கடல்பக்கம் நட்சத்திர வெளிச்சத்தில் கொஞ்சம் வெளிறித் தெரியும். கரையில் நாம் ஒரு எல்இடியைப் போட்டதும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. தாய் ஆமைக்கும் இதே தொல்லைதான். வெளிச்சமான கரையில் ஏறத் தயங்கும். ஏறினாலும் பாதியில் திரும்பிவிடும். காலையில் மணலில் வளைந்த தடம் மட்டும் இருக்கும், முட்டை இருக்காது.

ஒரு விடுதியின் பின்புறம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். குழியிலிருந்து கடல் நாற்பது தப்படி. தையல் மெஷின் ஓட்டியதுபோல இரண்டு வரிசைப் புள்ளியாகக் குஞ்சுகளின் தடம் மணலில் கிடந்தது. அத்தனையும் மேற்கே போயிருந்தன, ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. பின்பற்றிப் போனால் காம்பவுண்டு கேட்டுக்கு அடியில் புகுந்து, ஏசி தண்ணீர் சொட்டுகிற ஈரத்தில் நான்கு குஞ்சுகள் கிடந்தன. தீப்பெட்டி அளவுகூட இருக்காது ஒவ்வொன்றும். மூன்றுக்கு உயிர் இருந்தது. மற்றவற்றைக் காக்கை முடித்திருந்தது. கேட்டுக்கு மேலே ஒரே ஒரு விளக்கு, பகலிலும் அணைக்காமல் எரிந்துகொண்டிருந்தது.

சரி, உங்கள் எலெக்ட்ரீஷியன் சொல்லும் மஞ்சள் பல்பு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கடையில் வார்ம் ஒயிட் என்று கொடுக்கும் எல்இடிக்குள் இருப்பது நீல எல்இடிதான். அதன்மேல் மஞ்சள் பூச்சு பூசி நம் கண்ணுக்கு இதமாக ஆக்கியிருக்கிறார்கள். பூச்சைத் தாண்டி நீலத்தில் ஒரு பங்கு வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். ஆமைக் கண்ணுக்கு நீலமும் பச்சையும்தான் பளிச்சென்று தெரியும். பெட்டியில் 2700கே, 3000கே என்று போட்டிருப்பதெல்லாம் மனிதக் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதற்கான எண். உங்களுக்கு வேண்டியது அசல் ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) அல்லது சிவப்பு. 560 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே, அதாவது நீலமும் பச்சையும் உள்ள பக்கத்தில், வெளிச்சமே வரக்கூடாது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் முழித்தால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

கடைக்காரர் தலையாட்டினாலும் நீங்களே சோதிக்கலாம். வீட்டில் பழைய பாட்டு சிடி ஒன்று கிடக்கும். அறையை இருட்டாக்கி அந்த ஒரு பல்பை மட்டும் போடுங்கள். சிடியின் பளபளக்கும் பக்கத்தில் அதன் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பிடித்துத் திருப்புங்கள். வானவில்போல விரிந்து நீலம் தெரிந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது வெள்ளை பல்புதான். அசல் ஆம்பர் என்றால் மஞ்சள், ஆரஞ்சு, கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான் தெரியும். அந்த அறுபதாயிரம் கேட்ட ஆளிடமும் ஒரு பல்பு வாங்கி அவர் முன்னாலேயே சிடியைப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை பல்புமேல் மஞ்சள் ஜெலட்டின் தாளைச் சுற்றித் தருகிற கூட்டமும் உண்டு. இரண்டே மாதத்தில் உப்புக்காற்றிலும் சூட்டிலும் தாள் வெளுத்துவிடும்.

ஆனால் பல்பை மாற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலை மறைப்பது. மணலில் நின்று பார்த்தால் பல்பு கண்ணில் படக்கூடாது. பல்பு மட்டும் இல்லை, அதன் வெளிச்சம் விழுந்து பளபளக்கும் வெள்ளைச் சுவரும் படக்கூடாது. நம் பக்கத்துப் பழைய வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். சுவரைக் குடைந்து மாடம் வைத்திருப்பார்கள். விளக்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். வாசல்படி தெரியும், தெருக்கோடியில் நிற்பவர் கண்ணில் குத்தாது. உங்கள் விடுதிக்கும் அதே ஏற்பாடுதான் வேண்டும். விளக்கு தாழ்வாக, உள்ளடங்கி, கீழே பார்த்து இருக்கட்டும். கடல் பக்கத்துச் சுவரில் உள்ளதைக் கழற்றித் தெருப் பக்கம் மாட்டுங்கள். தென்னையில் சுற்றிய சீரியல் விளக்கும், நீச்சல் குளம் இருந்தால் அதன் நீல விளக்கும் சீசன் முடியும்வரை வேண்டவே வேண்டாம். கடலைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல்களுக்குக் கனமான திரை போதும், சாயங்காலம் ஆறரைக்கே இழுத்துவிடச் சொல்லுங்கள். வராந்தாவுக்கு மூங்கில் தட்டி. விளக்குக்குப் பொட்டி மாதிரி மூன்று பக்கம் மறைப்பு வேண்டுமென்றால் ஊர்த் தகரப் பட்டறையில் அடித்துத் தருவார்கள், கருப்பு பெயின்ட் பூசிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் நிபுணர் தேவையில்லை.

மாமியார் விஷயம். அறையிலிருந்து குளியலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் போகிற வழியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே, தரையை மட்டும் பார்க்கிற சின்ன ஆம்பர் விளக்கு வையுங்கள். எழுபது தாண்டிய கண், பளீர் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் பழக நேரம் எடுக்கும். வாசலில் ஒரே பெரிய ஃபோகஸ் லைட்டைப் போட்டு மற்ற இடத்தை இருட்டாக விட்டிருக்கும் இப்போதைய ஏற்பாட்டில்தான் அவர் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். ஆள் வந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கை யாராவது விற்க வருவார்கள். கடற்கரை நாய்கள் விடிய விடிய நடமாடும். அது விடிய விடிய எரியும்.

எத்தனை மாதம் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதுதான் முதலில் சொல்ல வேண்டியது. முட்டையிடுவது தை முதல் பங்குனி, சித்திரை வரை. முட்டை பொரிய 45 முதல் 60 நாள். பங்குனியில் இட்ட முட்டை வைகாசியில்தான் பொரியும். ஏப்ரல் வந்ததும் சீசன் முடிந்தது என்று எல்லோரும் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூட விடுமுறைக்கு ஆட்களும் வந்துவிடுகிறார்கள். மணலுக்கு அடியிலிருந்து குஞ்சு ஏறுவதும் அதே நாட்களில்தான். ஆகவே மார்கழிக் கடைசியில் ஆரம்பித்து ஆனி முடியும்வரை உங்கள் கடல் பக்கம் இருட்டாக இருக்கட்டும். வனத்துறைதான் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறதே என்று உள்ளூரில் சொல்வார்கள். உண்மைதான், உங்கள் பக்கத்திலேயே கூழையார், தொடுவாய், வானகிரியில் பொரிப்பகம் உண்டு. ஆனால் ராத்திரி நடக்கிற நாலு பேர் கண்ணுக்கு எல்லாக் குழியும் தட்டுப்படாது.

குப்பத்து விளக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். படகு இறங்கும் இடத்துக்கு விளக்கு வேண்டும். ராத்திரி மூன்று மணிக்குப் படகைத் தள்ளுகிறவருக்கும், வலையிலிருந்து மீனைப் பிரிக்கிறவருக்கும், ஏலம் போடும் பெண்களுக்கும் அது இல்லாமல் வேலை நடக்காது. கையில் முள் ஏறும், படகு இடிக்கும். வலையில் ஆமை சிக்கினால் ஆமையை விட்டுவிட்டுத் தன் வலையை அறுத்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆமை ஏறியது, குஞ்சு வழி தவறியது என்ற செய்தி முதலில் வருவதும் அவர்களிடமிருந்துதான். அதனால் அவர்கள்மேல் புகார் எழுதாதீர்கள். ஆனால் நான் சொல்கிற இந்த விலக்கு படகுத்துறைக்கும் வேலை நேரத்துக்கும் மட்டும்தான். துறை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக உங்கள் விடுதிக்கு அது நீளாது. துறையை ஒட்டி மீன் வாங்கி ஏற்றுகிற கம்பெனியின் காம்பவுண்டு விளக்குக்கும் நீளாது. வேலை முடிந்த பிறகு எரிவதற்கும் நீளாது. பஞ்சாயத்தாரிடம் போய் உட்கார்ந்து, ஏலம் முடிந்ததும் அணைக்கலாமா, விளக்கின் முகத்தைக் கீழே இறக்கலாமா என்று கேளுங்கள். நீங்கள் முதலில் உங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போனால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

உண்மையில் அந்தக் குப்பத்து ஹைமாஸ் (உயர்கம்ப) விளக்கை மீனவர்கள் போட்டிருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு திட்டத்தில், ஆமை வருகிற கரையா என்று ஒருத்தரையும் கேட்காமல் நட்டுவிட்டுப் போயிருப்பார்கள். வேறொரு ஊரில் இப்படி ஒரு ஹைமாஸுக்காக நான் மூன்று வருடம் அலைந்தேன். வனத்துறை ஊராட்சியைக் கைகாட்டியது, ஊராட்சி மின்வாரியத்தைக் கைகாட்டியது, மின்வாரியம் விளக்கு எங்கள் சொத்தே இல்லை என்றது. குறைதீர்க்கும் நாளில் ஏழு மனு கொடுத்தேன். ஏழுக்கும் ரசீது வந்தது. கடைசியில் பராமரிப்புக்கு வந்த ஒரு லைன்மேனிடம் குஞ்சுகளின் தடத்தைக் காட்டினேன். விளக்குகளைக் கீழே இறக்கி, கடலைப் பார்த்த இரண்டு தலைகளின் ஒயரைக் கழற்றி, மறுபடி ஏற்றினார். அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி வேலைக்கு மூன்று சீசன் குஞ்சுகள் போயின. மனு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊரில் கம்பம் ஏறுகிறவர் யார் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டம் பற்றியும் எச்சரிக்கிறேன். ஆமை பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று விருந்தாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஏஜென்டுகள் வருவார்கள். முட்டையிடுகிற ஆமையின் முகத்தில் போன் வெளிச்சம் அடிப்பார்கள். உங்கள் விடுதிக்குள் அவர்களை விடாதீர்கள். வழி தவறிய குஞ்சு வளாகத்தில் கிடைத்தால் வாளியில் தண்ணீர் ஊற்றிப் போடக்கூடாது, நீந்தி நீந்தியே களைத்துவிடும். ஈரமணல் போட்ட வாளியில் வைத்து, நிழலில் மூடி, வனக்காவலரைக் கூப்பிடுங்கள். அவர் எண்ணை ரிசப்ஷன் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வருகிற அமாவாசைக்கு நீங்களே ஒரு நடை பூம்புகாருக்குப் போய்விட்டு வாருங்கள். நிலா இல்லாத ராத்திரியில்தான் கரை விளக்கு ஆமையை அதிகம் ஏமாற்றும், பௌர்ணமியில் பார்த்தால் பாதிக் குறை தெரியாது. எட்டு மணிக்கு எல்லா அறையிலும் வழக்கம்போல ஆள் இருக்கட்டும். அலை நனைக்காத மணலில் ஒரு துண்டை விரித்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி படுத்து வீட்டைப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் செடி மறைத்துவிடும். ஆமையின் கண் மணலை ஒட்டித்தான் இருக்கும். தெரிகிற ஒவ்வொரு பல்பையும் பளபளக்கிற ஒவ்வொரு சுவரையும் சன்னலையும் அங்கேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் காலை அந்தத் தாளை எலெக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள். அன்றைக்கு ராத்திரி மறுபடி படுத்துப் பார்த்துவிட்டு, மிச்சம் எத்தனை தெரிகிறது என்று எனக்கு எழுதுங்கள்.