வாசகர் கேள்வி: மோசே உட்கார்ந்த கல்

கேள்வி: துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் குழுவில் ஒரு தம்பி, வெல்டிங்குக்கான பாதுகாப்பு பெர்மிட் வருமுன் வேலையைத் தொடங்கிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. முழுப் பழியையும் நானே ஏற்க நினைக்கிறேன். “மோசேகூடத் தன் பெயரைக் கிறுக்கிப்போடச் சொன்னாரே” என்கிறார் தேவாலய நண்பர். யூத உரைகாரர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: அது பைபிளில் யாத்திராகமம் 32ஆம் அதிகாரம். மோசே வழிநடத்திய இஸ்ரவேல் மக்கள் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்டுவிட்டார்கள். ‘மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பெயரைக் கிறுக்கிப்போடும்’ என்று மோசே கடவுளிடமே மல்லுக்கு நிற்கிறார். பிரான்சில் வாழ்ந்த யூத உரைகாரர் ராஷி (1040–1105), புத்தகம் என்றால் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், முழுவதும் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் சுவை: ‘இவர்களுக்காக இரக்கம் கேட்கக்கூடத் தகுதியில்லாத ஆள்’ என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதாம். தியாகம் பாதி, மானம் பாதி. எனக்கு இந்த மோசேயைப் பிடிக்கிறது.

அடுத்த வசனத்தை நண்பர் சொன்னாரா? பாவம் செய்தவன் பெயரைத்தான் கிறுக்குவேன் என்று கடவுள் மறுத்துவிடுகிறார்.

எனக்கு அதைவிட அதே நூலின் 17ஆம் அதிகாரம் முக்கியம். அமலேக்கியர் என்ற எதிரிக் கூட்டத்தோடு போர். மோசே கையை உயர்த்தியிருக்கும்வரைதான் இஸ்ரவேலர் கை ஓங்கும். கை சோர்ந்த மோசே ஒரு கல்லின்மேல் உட்காருகிறார். ‘ஏன், அவரிடம் ஒரு தலையணை, மெத்தை இல்லையா?’ என்று யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் குறும்பாகக் கேட்கிறது. மக்கள் துன்பத்தில் இருக்கும்போது நானும் அவர்களோடு துன்பத்தில் இருப்பேன் என்று நினைத்தாராம்.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கு நான்தான் பொறுப்பு. பிள்ளைகள் வெயிலில் மோர் வாளி தூக்க, நான் மின்விசிறிக்கு முன்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், கைத்தொலைபேசியும் கையுமாக. மோர் தீர்ந்து யாரோ ஏசியபோது மட்டும் எழுந்து, “தப்பு என்னுடையது” என்றேன், பெரிய மனிதன் மாதிரி. ஒரு பிள்ளைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சரி, உங்கள் விஷயம். அவசரப்படுத்தியது நீங்கள் என்றால், அதை அப்படியே எழுதிக்கொடுங்கள். அந்தத் தம்பியின் பங்கை அவர் பெயரிலேயே விடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறையும் பெர்மிட்டுக்குக் காத்திருக்க மாட்டார். விசாரணை அறைக்குள் மட்டும் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.