பிளாஸ்டரா, பிளாஸ்டிக்கா? கடைக்குப் போகுமுன் சில பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெயர்க் குழப்பம்தான். மேசன் ஒரு பெயர் சொல்கிறார், கடைக்காரர் இன்னொன்று சொல்கிறார், டின்னில் மூன்றாவது ஒன்று எழுதியிருக்கிறது.

பொறியியலாளர் தந்த தமிழ்க் குறிப்பில் 'நெகிழிச் சுருக்க வெடிப்பு' என்று இருக்கிறது. சாந்தில் பிளாஸ்டிக் எதுவும் போடவில்லையே? (நிலாவெளி)

போடவில்லைத்தான் தங்கச்சி, அது மொழிபெயர்ப்பில் வந்த வினை. பிளாஸ்டிக் என்பது வாளிக்கும் குழாய்க்கும் பெயராக வருவதற்கு வெகுகாலம் முன்பே 'பிடித்தபடி உருவெடுக்கும்' என்ற குணத்துக்குப் பெயர், கிரேக்கத்திலிருந்து வந்தது. பூசிய சாந்து இறுகுமுன் களிமாதிரி இருக்கிறதே, அந்த நிலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'நெகிழ்நிலை' என்று எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திராது. அந்த நேரத்தில் மேற்பரப்புத் தண்ணீர் மளமளவென்று பறந்துவிட்டால் மேல்தோல் மட்டும் சுருங்கிப் பிளக்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில், மத்தியான வெயிலில், கல்லை நனைக்காமல் பூசிப் பாருங்கள்: வெளியே காற்று இழுக்கும், உள்ளே கல் உறிஞ்சும், நடுவில் சாந்து என்ன செய்யும்? சுவரை முதலே நனையுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு பூசச் சொல்லுங்கள், இறுகிய பின் ஒரு கிழமையாவது தண்ணீர் தெளியுங்கள். பூசிய சில மணித்தியாலத்தில் தெரியும் வெடிப்புத்தான் இந்த வகை. மாதக்கணக்கில் கழித்து மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு என்றால் பூச்சைப் பார்க்காதீர்கள், அத்திவாரத்தைப் பாருங்கள்.

பிளாஸ்டரும் பிளாஸ்திரியும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். முதலில் புண்ணில் அப்பும் மருந்துக்குத்தான் அந்தப் பெயர், சுவருக்குப் பிறகுதான் வந்தது. அப்புவது இரண்டுக்கும் பொது.

செலவு மதிப்பீட்டில் 1:1:5 என்று இருக்கிறது. மேசன் அண்ணை, "சுண்ணாம்பு எதற்கு, ஒரு கான் பிளாஸ்டிசைசர் வாங்கித் தாருங்கள்" என்கிறார். (உப்புவெளி)

1:1:5 என்றால் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஐந்து. அந்தச் சுண்ணாம்பு சும்மா வெள்ளைக்காகப் போடுவதில்லை, சாந்தை வழுவழுப்பாக்கி, தண்ணீரைப் பிடித்து வைத்து, கரண்டிக்கு இணக்கமாக்குவது அதுதான், அதாவது பழைய காலத்துப் பிளாஸ்டிசைசரே சுண்ணாம்புதான். நன்றாக நீற்றிய சுண்ணாம்பாக இருக்க வேண்டும். நீறாத கட்டி உள்ளே போனால் பிறகு அது நீறி உப்பி, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிவிடும். நம் கரையில் ஒருகாலம் முருகைக்கல்லைச் சுட்டே சுண்ணாம்பு எடுத்தார்கள், இப்போது அந்தக் கல்லை அகழ்வது குற்றம்.

கானில் வருவதையும் போடலாம், தப்பில்லை. ஆனால் சாந்துக்கானதா கொங்கிரீட்டுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். சாந்துக்கானது பெரும்பாலும் நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கி இளக்குவது, அளவு கூடினால் பூச்சு பலமிழந்துவிடும். ஆகவே 50 கிலோ பைக்கு எவ்வளவு என்று கானில் போட்டிருப்பதுதான் கணக்கு, மேசனின் கைக்கணக்கு அல்ல.

பாரிஸ் பிளாஸ்டரால் வாசல் வளைவுக்குப் பூ வேலை செய்யலாமா? (மூதூர்)

உள்ளே என்றால் தாராளமாக. வெளியே வேண்டாம், நான் பட்டவன். போர்ட்டிகோ தூணில் அச்சுவார்த்து ஒட்டிய பூ, மார்கழி மழையோடு மூக்கறுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது.

ஜிப்சம் என்ற கனிமக் கல்லை 150 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும், மிஞ்சும் மாவுதான் பாரிஸ் பிளாஸ்டர். பாரிசில் மொன்மார்த்ர் குன்றுப் பக்கம் ஜிப்சம் வெட்டியதால் வந்த பெயர். தண்ணீர் விட்டதும் சில நிமிடத்தில் மீண்டும் ஜிப்சமாக இறுகும், ஆனால் ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 2 கிராம் கரையும். பெரிதாகத் தெரியாவிட்டாலும் வாடைக் காலம் முழுக்க நனைந்தால் மிஞ்சாது. சீக்கிரம் இறுகட்டும் என்று சீமெந்துச் சாந்தோடு கலப்பவர்களும் உண்டு. ஈரம் படும் இடத்தில் இரண்டும் சேர்ந்தால் உள்ளே வீங்கி வெடிக்கும். சீமெந்திலேயே ஆலையில் கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறார்கள்தான், அது உடனே இறுகிவிடாமல் தாமதப்படுத்த, அளவறிந்து போடுவது.

பிவிசி, யுபிவிசி, சிபிவிசி என்று குழாய்கள்: சோலார் சுடுதண்ணீருக்கு எது? (கிண்ணியா)

சிபிவிசி. குளோரின் கூட்டியது, 90 பாகை வரை தாங்கும். யுபிவிசியில் அந்த 'யு', இளக்கி (பிளாஸ்டிசைசர்) சேர்க்காதது என்பதற்கு; இளக்கி சேர்த்தால் அது தோட்டத்துக் குழாய் மாதிரி வளையும். (சாந்துக்குப் போடும் பிளாஸ்டிசைசருக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று, பொருள் வேறு.) யுபிவிசி 60 பாகையோடு தளர்ந்துவிடும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடென்றால் பிரச்சினையில்லை, வெயிலில் கொதிக்கும் தாங்கியில் இருந்து வரும் தண்ணீருக்கு அது ஆகாது.

'சொல்வன்ட் சீமெந்து' என்று ஒரு டின் தந்தார்கள். எத்தனை பங்கு மணல்?

மணலே வேண்டாம் தம்பி. அது பிவிசி கம். குழாய் முனையைக் கரைத்து ஒன்றோடொன்று பிடிக்க வைப்பது. மூடியைத் திறந்து வைக்காதீர்கள், காய்ந்துவிடும்.